லினக்ஸ் போட்டால் பறக்குமா?

"பழைய லேப்டாப்பா? லினக்ஸ் போடுங்க, பறக்கும்." விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்லும் இந்த வாசகத்தை நானும் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு இது இன்னும் அதிகமாகக் காதில் விழுகிறது. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் அலமாரிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், பழைய சேலை சுற்றி வைத்திருந்த லேப்டாப்களெல்லாம் கீழே இறங்கி வருகின்றன. கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே நம்பிக்கையோடு வருகிறார்கள்: உள்ளே இருக்கும் சிஸ்டம்தான் கனம், அதை எடுத்துவிட்டு லேசானதைப் போட்டால் இயந்திரம் வாலிபமாகிவிடும். கொஞ்ச நாளாகவே இந்தப் பேச்சு எனக்கு உறுத்திக்கொண்டிருக்கிறது. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சு முழுவதும் எது லேசு, எது அதைவிட லேசு என்றே சுற்றிச்சுற்றி வருகிறது. இயந்திரத்துக்கு வயசாகிவிட்டது என்பது யாருடைய வாயிலும் வருவதில்லை.

இந்த உறுத்தலுக்கு ஒரு உருவம் கொடுத்தது கிராணியாருடைய நெட்புக் என்ற குட்டி லேப்டாப். தோட்ட ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர், அவரை இன்னமும் கிராணியார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறோம். அவர் வேலை பார்த்த தோட்டத்தில் கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, ஆபீஸ் கட்டடம் இடிந்து, லயத்துச் சனங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்து சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே இருக்கிறது, அதன் கணக்கு இவர் கையில் இருக்கிறது. பேரப்பிள்ளை படிப்பை முடித்துவிட்டு வீசிய நெட்புக்கை எடுத்து வந்து, "இதுல கோயில் கணக்கு எழுதற மாதிரி செஞ்சு குடு தம்பி, வேற ஒண்ணும் வேணாம்" என்றார். ஒரு பழைய பென்டிரைவும் கொடுத்தார். அதைப் பற்றிப் பிறகு.

## லேசு பார்த்த படலம்

2010-ஐ ஒட்டி வந்த நெட்புக். இன்டெல் ஆட்டம் என்450 சிப், ஒரு ஜிபி ரேம், 160 ஜிபி சுழலும் ஹார்டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடமாட்டார்கள். ஏழைக்கு எள்ளுருண்டையை எண்ணிக் கொடுக்கும் புத்தி. அதற்கான ஆதரவும் 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆக, மாற்றித்தான் ஆகவேண்டும்.

லினக்ஸில் பல வகை உண்டு, வினியோகம் என்பார்கள். அதில் எதைப் போடுவது என்பதில் எனக்கு வழக்கமான சுகம். இந்த சிப்புக்கு 64-பிட் தெரியும். ஆனால் ஒரு ஜிபி ரேமில் 64-பிட் போட்டால் ஒவ்வொரு நினைவக முகவரிக்கும் இரட்டிப்பு இடம் போகும், அதனால் 32-பிட்தான் என்று முடிவு செய்தேன். அங்கேதான் கடை சுருங்கிக்கொண்டே வருகிறது. லுபுண்டுவில் 19.04-லிருந்தே 32-பிட் இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லும் 32-பிட் பிசிக்கான இன்ஸ்டாலரை எடுத்துவிட்டார்கள். டெபியன் 12-ஐ அடித்தளமாகக் கொண்ட ஆன்டிக்ஸ் 23-ல் இன்னும் இருந்தது. அதையே எடுத்தேன். சிஸ்டம்டி (கணினி எழும்பும்போது மற்றதையெல்லாம் தொடங்கி நிர்வகிக்கும் பகுதி) இல்லாதது, பழைய பாணியில் எழும்புவது, சும்மா இருக்கும்போது இருநூறு எம்பிக்குள் அடங்குவது. லேசு தேடுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

என் பென்டிரைவில் ஏற்றி, பயாஸுக்குள், அதாவது சிஸ்டம் எழும்புவதற்கு முன் ஓடும் அமைப்புத் திரைக்குள் போய், எதிலிருந்து எழும்பவேண்டும் என்ற பூட் வரிசையை மாற்றினேன். அங்கே தேதியும் தப்பாக இருந்தது, அதையும் சரியாக்கி எஃப்10 அடித்துச் சேமித்தேன். நிறுவல் தகராறு இல்லாமல் முடிந்தது. வைஃபை சிப் ஆதெரோஸ் என்பதால் டிரைவர் லினக்ஸின் கருவான கர்னலிலேயே இருந்தது. பிராட்காமாக இருந்திருந்தால் கைப்பேசியை யூஎஸ்பியில் கட்டி ஃபர்ம்வேர் இறக்கும் வேலையே ஒரு தனிக் கட்டுரையாகியிருக்கும். தமிழ் விசைப்பலகை போட்டேன், லிப்ரே ஆபீஸ் போட்டேன், ஃபயர்பாக்ஸில் ஓரிரு தளங்களைத் திறந்து பார்த்தேன். மெதுவாகத்தான் திறந்தது, ஆனாலும் திறந்தது. மூடி, சார்ஜரைச் சுருட்டி, பையில் போட்டு அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

## என் வீட்டில் வருகிறது, அவர் வீட்டில் வரவில்லை

மறுநாள் காலை போன். "தம்பி, பசியாறிட்டியா? இதுல நெட்டு வரலே லா."

இந்த ஊரில் நெட் வரவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் லைனைத்தான் சந்தேகப்படுவோம். தாமானுக்குள் மழை பெய்தால் போகும், கம்பத்தில் வேலை நடந்தால் போகும். ஆனால் அவர் கைப்பேசி அதே வைஃபையில் ஓடுகிறது, டிவியில் சீரியலும் ஓடுகிறது. நெட்புக் மட்டும் எந்தத் தளத்துக்குப் போனாலும் எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டுகிறது. திரையைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பினார். தலைப்பும் ஒரு முக்கோணமும் தெரிந்தன, அதற்குக் கீழே அவர் கட்டைவிரல். பாதுகாப்பில்லாத இணைப்பு என்ற வகைப் பேச்சு. ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். பாஸ்வேர்டை மறந்துவிட்டுத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். எழுபத்தைந்தை நெருங்கும் மனிதரை மேசைக்கடியில் குனியவைத்து ஒயரைப் பிடுங்கி மாட்டச் சொன்னேன். அவர் வீட்டு அந்தம்மா பின்னாலிருந்து, "புதுசா ஒண்ணு வாங்கிட்டா என்ன, மூணு பேருக்கு வேலை கெடுது" என்பது எனக்கும் கேட்டது.

இந்த இடத்தில் என் மண்டைக்குள் ஓடியதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் லேசு பேசுகிற எல்லாருடைய மண்டைக்குள்ளும் இதுதான் ஓடும். ஆன்டிக்ஸ் சரியில்லையோ, பப்பி லினக்ஸ் போட்டிருக்கலாமோ, கர்னல் பதிப்பு புதிதாகப் போய்விட்டதோ, வைஃபை டிரைவருக்கும் அவருடைய ரௌட்டருக்கும் ஒத்துவரவில்லையோ. குழுவில் கேட்டதற்கு வந்த பதில்களும் அப்படியே. ஒருவர் க்யூ4ஓஎஸ் என்றார், ஒருவர் போதி என்றார், இன்னொருவர் எதையும் கேட்காமல் எஸ்எஸ்டி போடச் சொன்னார். என் வீட்டில் ஓடியது அங்கே ஏன் ஓடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அது ஒன்றுதான் உண்மையில் கேள்வி.

நேரில் போனேன். மத்தியானம், வெளியே வெயில் கொளுத்துகிறது. ஆணைகளை எழுத்தாக அடிக்கும் டெர்மினலைத் திறந்து, பதில் வருகிறதா என்று பார்க்க ரௌட்டருக்கு பிங் விட்டேன், பதில் வந்தது. வெளியுலகத்துக்கு விட்டேன், பெயரைச் சொல்லி விட்டேன், அதற்கும் வந்தது. அப்படியென்றால் வைஃபை பிழையில்லை, லைன் பிழையில்லை, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் பிழையில்லை. அடுத்து மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆணையைக் கொடுத்தேன். சில வரி நகர்ந்து, டெபியன் வழங்கி கொடுத்த பட்டியல் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை, அதற்கு இன்னும் ஐயாயிரத்துச் சொச்சம் நாள் இருக்கிறது என்று வந்து நின்றது.

ஐயாயிரம் நாள். காலாவதியாகிவிட்டது என்று சொன்னால் பழைய இயந்திரத்தில் நம்பலாம். இன்னும் பிறக்கவே இல்லை என்கிறதே? கண் தானாகத் திரையின் மூலைக்குப் போனது. அந்தப் பட்டையில் மணி மட்டும் தெரியும், தேதி தெரியாது. மணி நள்ளிரவு தாண்டிச் சில நிமிடம் என்று காட்டியது. மவுஸை அதன்மேல் வைத்ததும் தேதி வந்தது: 2010 ஜனவரி 1.

"மணி தப்பா இருக்கே ஐயா, நீங்க பாக்கலையா?"

"நேத்தே பாத்தேன். கம்பியூட்டருன்னா அமெரிக்கா மணி காட்டும் போலன்னு விட்டுட்டேன்."

சிரிப்பு வந்தாலும், அவர் சொன்னதில் தவறென்ன? வீட்டுச் சுவரில் ஒரு மணி, கோயிலில் பத்து நிமிடம் முந்திய ஒரு மணி என்று வாழ்கிற ஊர் இது. கடிகாரம் தப்பாக இருந்தால் நாம் மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டு போய்விடுகிறோம். கணினியால் அது முடியாது. இணையத்தில் ஒவ்வொரு தளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். இன்று பெருவாரியான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் முதல் சான்றிதழை வெளியிட்டதே 2015-ல். அவர்களுடைய சான்றிதழ்கள் பொதுவாகத் தொண்ணூறு நாள்தான் செல்லும். 2010 புத்தாண்டு இரவில் உட்கார்ந்திருக்கும் ஒரு நெட்புக்குக்கு அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் எதிர்காலத்தில் அச்சடித்த காகிதம். நம்பக்கூடாது, நம்பவில்லை. டெபியனின் பட்டியலிலும் இப்படித் தேதி உண்டு, பழைய பட்டியலைக் காட்டி யாரும் ஏமாற்றிவிடக்கூடாது என்பதற்காக. எல்லாம் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தன.

## சட்டைப் பொத்தான் அளவு

மின்சாரம் இல்லாதபோதும் கணினிக்கு மணி தெரிவது எப்படி என்றால், உள்ளே ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை துடித்துக்கொண்டிருக்கும். அதைத் துடிக்கவைக்க ஒரு பொத்தான் பேட்டரி. சிஆர்2032 என்பது அதன் வழக்கமான பெயர், பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். பயாஸில் நாம் மாற்றும் பூட் வரிசையையும் பல இயந்திரங்களில் இதுதான் காப்பாற்றி வைத்திருக்கும். இது செத்துப்போனாலும் லேப்டாப்பின் பெரிய பேட்டரியில் உயிர் இருந்தால் சமாளித்துவிடும். கிராணியாருடைய நெட்புக்கில் பெரிய பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜரைப் பிடுங்கினால் உடனே அணையும். என் வீட்டில் நான் பயாஸில் தேதியைத் திருத்திய நிமிடத்திலிருந்து நிறுவல் முடியும்வரை சார்ஜர் மாட்டியே இருந்தது. பையில் போட்டு எடுத்து வந்த அந்தக் கொஞ்ச தூரத்தில் பதினைந்து வருடம் பின்னால் போய்விட்டது.

சிஸ்டம்டி இருக்கும் வினியோகங்கள், கடிகாரம் அபத்தமாகப் பின்னால் கிடந்தால் எழும்பும்போதே தான் கட்டப்பட்ட தேதிவரைக்குமாவது தள்ளி வைத்துக்கொள்ளும். அதற்கென்று ஒரு பகுதி நெட்டில் மணி கேட்டுச் சரிசெய்யும், கடைசியாகத் தெரிந்த மணியையும் குறித்து வைக்கும். நான் லேசு வேண்டும் என்று தேடித்தேடி எடுத்ததில் அந்தப் பகுதிதான் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆன்டிக்ஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் லேசு என்றால் எதையோ கழற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கழற்றியது எது, நம் கையில் இருக்கும் கிழட்டு இயந்திரத்துக்கு அது தேவைப்படுமா என்று பார்க்காமல், எத்தனை எம்பி தின்கிறது என்று மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அன்றைக்கு டெர்மினலிலேயே தேதியைக் கொடுத்து, வன்பொருள் கடிகாரத்திலும் எழுதி, நேர வலயம் கோலாலம்பூர் என்று இருக்கிறதா பார்த்தேன். ஜிஎம்டிக்கு எட்டு மணி நேரம் முன்னால். கிராணியார் எட்டிப் பார்த்து, "முந்தி ஏழரைதானே?" என்றார். உண்மைதான். 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான் தீபகற்பத்தின் மணியை அரை மணி நேரம் முன்னால் தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அவருக்கு அது செய்தித்தாள் சமாச்சாரம் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி கடிகாரப்படியே அடிக்கும், சூரியனோ கடிகாரத்தைப் பார்க்காது. அந்த வருடம் முதல் மாதங்களில் பெரட்டுக்களத்தில் முகம் தெரியாத இருட்டில் பேர் கூப்பிட்டுச் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) புள்ளி போட்டதையும், பால் வெட்டுக்குப் போனவர்கள் நெற்றி விளக்கோடு இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றதையும், மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒருத்தர் "கவுமெண்டு மணிய மாத்தலாம், மரத்துக்கு யாரு சொல்றது" என்றதையும் சொல்லிக்கொண்டே போனார். நேர வலயக் கோப்பில் அந்த அரை மணி நேர மாற்றமும் பதிவாகித்தான் இருக்கிறது. யாருக்கும் இப்போது வேண்டாத தகவல், ஆனாலும் எந்த வினியோகமும் அதைக் கழற்றி எறியவில்லை.

பிறகு பேட்டரி வேலை. மேசைக் கணினியில் என்றால் நகத்தால் நெம்பி எடுத்துவிடலாம். நெட்புக்கில் விசைப்பலகையின் மேல்விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்குகளை ஒவ்வொன்றாக அழுத்தி, அதைத் தூக்கி, ரிப்பன் கேபிளைக் கழற்றி, கீழே இருக்கும் திருகாணிகளை எடுத்து, இரண்டு ஓடுகளையும் பிரிக்கவேண்டும். பிரித்ததும் விசிறியின் வாயில் பஞ்சுத் திரி திரித்து வைத்த மாதிரி தூசி. இந்தத் தூசியை எடுத்ததிலேயே சூடு குறைந்தது. பொத்தான் பேட்டரி ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் உறைக்குள், சிவப்பும் கறுப்புமாக இரண்டு மெல்லிய ஒயரோடு, பசை போட்டு ஒட்டியிருந்தது. மல்டிமீட்டரை வைத்தேன். மூன்று வோல்ட் காட்டவேண்டியது ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஒயரோடு வரும் பேட்டரி நம் பட்டணத்துக் கடைகளில் கிடைக்காது. ஈப்போவில் லேப்டாப் பழுது பார்க்கும் ஒரு தவுக்கே (கடை முதலாளி), பெட்டியிலிருந்து நாலைந்து மாதிரிகளை எடுத்துப் போட்டுப் பிளக்கை ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுத்தார். ஒரு வேளைப் பசியாறலுக்கு ஆகும் காசுதான். அதற்குப் பிறகு சார்ஜரைப் பிடுங்கி இரவு முழுக்க விட்டுப் பார்த்தேன், மணி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது பறக்கிறதா என்று கேட்பீர்கள். இல்லை. ஃபயர்பாக்ஸில் ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால் ஒரு ஜிபியும் அதற்கே போய்விடுகிறது, ஹார்டிஸ்க் கரகரவென்று அரைக்கத் தொடங்குகிறது. காணொளி பார்க்க ஆசைப்பட்டால் கைப்பேசியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். 2010-ல் இந்த நெட்புக் போதுமானதாக இருந்ததற்குக் காரணம் விண்டோஸ் 7 லேசாக இருந்தது அல்ல, அன்றைக்கு ஒரு வலைப்பக்கம் லேசாக இருந்தது. அதை எந்த வினியோகத்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. கணக்கு எழுத, கடிதம் அடிக்க, பட்டியல் போட இது தாராளம்.

## அந்தப் பென்டிரைவ்

அதில் இருந்தவை கோயிலின் பழைய கணக்குகள், 1999-லிருந்து சில வருடங்களுக்கானவை. தோட்ட ஆபீஸ் கணினியில், நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலைக் கொண்டு அவர் அடித்து, வெறும் உரைக் கோப்பாகச் சேமித்தது. திறந்தால் மேலே புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தது. பேரப்பிள்ளை பார்த்துவிட்டு வைரஸ் என்று சொன்னானாம். வைரஸ் இல்லை, திஸ்கி. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்கென்று இணையத்தில் நம்மவர்கள் கூடிப் பேசி உருவாக்கிய எட்டு பிட் குறியாக்கம். அதில் எழுத்தைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் வைப்பார்கள். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். அதனால் எழுத்துருவை மட்டும் மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்றி அடுக்கவேண்டும்.

இதற்காக எதையாவது தேடி இறக்கவேண்டியிருக்கும் என்று நினைத்தேன். தேவைப்படவில்லை. லினக்ஸின் அடிப்படை சி நூலகத்தோடு வரும் ஐகான்வ் என்ற கருவிக்குத் திஸ்கி தெரியும். ஆன்டிக்ஸிலும் அது இருந்தது. ஒரே வரி ஆணை: திஸ்கியிலிருந்து யூனிகோடின் யூடிஎஃப்-8-க்கு. கோப்பு தமிழில் வந்து நின்றது. பூசாரி சம்பளம், விளக்கெண்ணெய், பந்தல், தீமிதிக்கு விறகு, தண்ணீர் லாரி, மேளக்காரருக்கு முன்பணம். சும்மா இருக்கும்போது எத்தனை எம்பி என்ற கணக்கில் இந்தக் கருவி வரவே வராது. எனக்கு இந்த முழு வேலையிலும் மனசு நிறைந்தது இந்த ஒரு வரியில்தான்.

கிராணியார் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி, எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி, விரலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் போனார். 2001 திருவிழாக் கணக்கில் விரல் நின்றது. மேலே போனது, திரும்பக் கீழே வந்தது. கைப்பேசியை எடுத்து, இப்போது கிள்ளானில் மகள் வீட்டில் இருக்கும் பழைய பொருளாளரைக் கூப்பிட்டார். சௌக்கியம் விசாரிக்கவில்லை. "ஏம்ப்பா, பந்தல் காசு ரெண்டு எடத்துல எழுதியிருக்கியே, அப்பவே நான் சொல்லல?" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சத்தமாக வந்தது. "கம்பியூட்டர்ல இருக்குய்யா, நா பாத்துக்கிட்டுதான் பேசுறேன்" என்று இவரும் குரலை உயர்த்தினார். அந்தம்மா எனக்கு ஒரு மைலோ கலந்து வைத்துவிட்டு, "இது இப்ப முடியாது, நீ குடிச்சிட்டுக் கெளம்பு" என்றார்.